படம் தானாகப் பேசும் என்னும் நம்பிக்கை

அவைமுன் ஸ்லைடுகளைத் திரையிட்டபடி பேசும் விளக்கவுரையைப் பற்றி இன்று எழுதப்படும் கையேடுகளும் நடத்தப்படும் பயிற்சி வகுப்புகளும் ஏறக்குறைய ஒரே குரலில் ஒரு விதியைச் சொல்கின்றன: திரையில் சொற்களைக் குறை, படங்களைக் கூட்டு, மற்றதைப் படம் பார்த்துக்கொள்ளும். கல்லூரி ஆய்வரங்கிலும் அலுவலகக் கூட்டத்திலும் அரசுத் திட்டங்களின் மதிப்பீட்டிலும் இவ்விதி கேள்வியின்றி ஏற்கப்பட்டுவிட்டது. எழுத்து மிகுந்த ஸ்லைடைக் காட்டுபவர் காலத்தோடு ஒட்டாதவராகவும், திரை முழுவதும் ஓர் ஒளிப்படத்தை நிறுத்தி அதன்மேல் மூன்றே சொற்களை வைப்பவர் கைதேர்ந்தவராகவும் மதிக்கப்படுகின்றனர். விதியின் முற்பாதியில் நியாயம் உண்டு. பொடி எழுத்தில் நிரம்பிவழியும் ஸ்லைடைத் திரும்பிப் பார்த்து வரிக்கு வரி ஒப்பிப்பவர் கேட்போரின் பொறுமையைச் சோதிக்கிறார் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இராது. பிற்பாதி, அதாவது படம் சொல்லின் துணையின்றித் தன் பொருளைத் தானே கொண்டுசேர்க்கும் என்னும் பகுதி, சான்றில்லாத நம்பிக்கை. முக்கியமான முடிவுகள் எடுக்கப்படும் அவைகளில் அது தீங்கு விளைவிக்கும் நம்பிக்கையும்கூட.

இந்நம்பிக்கைக்கு முட்டுக்கொடுக்கும் ஆதாரங்களைத் தட்டிப்பார்த்தால் அவை எவ்வளவு உள்ளீடற்றவை என்பது விளங்கும். ஆயிரம் சொல்லுக்கு ஒரு படம் ஈடு என்னும் வாசகம் கீழைத்தேசத்து முதுமொழிபோல் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அதைப் பரப்பியதில் பெரும்பங்கு, 'பிரின்டர்ஸ் இங்க்' என்னும் அமெரிக்க விளம்பரத்துறை இதழில் 1921 டிசம்பரில் டிராம் வண்டிகளில் செய்யும் பட விளம்பரத்தைப் புகழ்ந்து எழுதிய பிரெட் பர்னார்ட் என்னும் விளம்பரக்காரருக்கு உரியது. 1927இல் அதே இதழில் ஆயிரத்தைப் பத்தாயிரமாக உயர்த்தி, சீனப் பழமொழி என்னும் முத்திரையைக் குத்தியவரும் அவரே. மூளை எழுத்தைவிடப் படத்தை 60,000 மடங்கு வேகமாகக் கையாள்கிறது என்னும் கணக்கோ இன்னும் மோசம். ஓவர்ஹெட் புரொஜெக்டர்களையும் அவற்றுக்கான ஒளிபுகு தாள்களையும் விற்றுவந்த 3எம் நிறுவனத்தின் பெயரால் பெரும்பாலும் சொல்லப்படும் இக்கணக்கின் மூலத்தைத் தேடிப்போனவர்கள் எந்தச் சோதனையையும் கண்டெடுக்கவில்லை. எந்தப் படம், எவ்வளவு எழுத்து, கையாளுதல் என்றால் எதை அளப்பது என்னும் கேள்விகளுக்கு விடையில்லாமல் ஒரு மடங்குக் கணக்கைச் சொல்வது அளவையே ஆகாது. சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள் என்னும் பாகுபாட்டையும் இதே வரிசையில் வைக்க வேண்டும். ஹரால்டு பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் அத்துறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அவரவர் பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடிவுரைத்த பின்னரும் அது பயிற்சி அரங்குகளில் உயிரோடு உலவுகிறது.

நேர்மையான சோதனைகளிலிருந்து எடுக்கப்படும் சான்றுகளும் உண்டு. அவற்றை மதித்தே எதிர்கொள்ள வேண்டும். லயனல் ஸ்டாண்டிங் 1973இல் வெளியிட்ட ஆய்வில், பத்தாயிரம் படங்கள்வரை காட்டப்பட்டவர்கள் அவற்றில் பெரும்பாலானவற்றை முன்பு பார்த்தவை என்று பின்னர் அடையாளம் கண்டனர். படத்தின் நினைவு சொல்லின் நினைவைவிட வலியது என்பதற்கு இது தக்க சான்று. ஆனால் அங்கே சோதிக்கப்பட்டது, இதை முன்பு பார்த்திருக்கிறேனா என்னும் இனங்காணல் மட்டுமே. படத்தில் இருந்த வாதம் யாது, அது எந்த முடிவுக்கு இடந்தருகிறது என்பவை கேட்கப்படவே இல்லை. அதுபோலவே, மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 3எம் நிறுவனத்தின் ஆதரவோடு நடந்து 1986இல் வெளிவந்த ஆய்வு, காட்சித் துணையுள்ள விளக்கவுரை மற்றதைவிட 43 விழுக்காடு கூடுதலாக இணங்கவைக்கிறது என்று கண்டது. ஒரு பயிற்சி வகுப்புக்கு நேரத்தையும் பணத்தையும் செலவிடக் கேட்போர் எந்த அளவுக்கு உடன்படுகிறார்கள் என்பதே அங்கே அளக்கப்பட்டது. இணங்குவதும் விளங்கிக்கொள்வதும் ஒன்றல்ல. படம் மெய்யை ஏற்கவைக்கும் அதே எளிமையோடு பொய்யையும் ஏற்கவைக்கும் என்றால், 43 என்னும் எண் பெருமைப்படுவதற்கு உரியதன்று, எச்சரிக்கைக்கு உரியது.

படத்தின் தேவையை மறுப்பது இங்கே நோக்கமன்று. புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் 1973இல் உருவாக்கிய நான்கு எண்தொகுதிகளே அந்தத் தேவையை நிறுவப் போதும். ஒவ்வொன்றிலும் பதினோரு இணை எண்கள். சராசரியும் சிதறலும் ஒட்டுறவுக் கெழுவும், அதாவது இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்தே ஏறியிறங்குகின்றன என்பதைச் சொல்லும் எண்ணும், நான்கிலும் ஏறத்தாழ ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று நேர்கோட்டைச் சுற்றிய சிதறல், இன்னொன்று வளைகோடு, மூன்றாவது ஒற்றைப் புள்ளியால் திசைமாறிய நேர்கோடு, நான்காவதில் ஒரே ஒரு புள்ளியைத் தவிர மற்றவையெல்லாம் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கின்றன. எண்களின் அட்டவணை மறைத்ததை வரைபடம் காட்டிவிடுகிறது. ஆனாலும் இந்த நான்கு படங்களைத் தலைப்போ விளக்கமோ இன்றித் திரையிட்டால் அவைக்குத் தெரியப்போவது நான்கு புள்ளிச் சிதறல்கள் மட்டுமே. நான்குக்கும் கணக்கு ஒன்றே என்னும் செய்தி, அதாவது அந்தப் படங்களை வியப்புக்குரியனவாக்கும் செய்தி, சொல்லால் மட்டுமே வரும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மேயர் பல ஆண்டுகளாகச் செய்த சோதனைகள் படக்கட்சியினரால் அடிக்கடி துணைக்கு அழைக்கப்படுகின்றன. சொல் மட்டும் இருப்பதைவிடச் சொல்லும் படமும் சேர்ந்திருந்தால் மாணவர் நன்றாகக் கற்கின்றனர் என்பது அவருடைய முதன்மையான முடிவு. அதில் சொல் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது என்பதை மேற்கோள் காட்டுவோர் கவனிப்பதில்லை. ஷானன் ஹார்ப்புடன் சேர்ந்து அவர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியாக இவ்விவாதத்தைத் தொடுகிறது. மின்னல் எவ்வாறு உருவாகிறது என்று படிப்படியாக விளக்கும் பாடத்தில், மின்னல் தாக்கியவர்களையும் அதன் சேதங்களையும் பற்றிய சுவையான செய்திகளும் படங்களும் சேர்க்கப்பட்டன. சேர்த்தவை பாடத்தின் பொருளோடு தொடர்புடையனபோல் தோன்றினாலும், காரண காரியச் சங்கிலியில் அவற்றுக்கு இடமில்லை. அவற்றைப் படித்தவர்கள் முதன்மைக் கருத்துகளைக் குறைவாகவே நினைவுகூர்ந்தனர். புதிய சிக்கல்களுக்குத் தீர்வு காண்பதிலும் பின்தங்கினர். கவரும் உபரி என்று ஆய்வாளர்கள் அழைக்கும் இந்த வகைப் படமே இன்றைய விளக்கவுரைகளில் பெரும்பான்மை. குழுவின் ஒற்றுமைக்குக் கோத்த கைகள், வளர்ச்சிக்கு முளைவிடும் செடி, இலக்குக்கு மலையுச்சியில் நிற்கும் மனிதர் என்று கடைச்சரக்காக வாங்கப்படும் ஒளிப்படங்கள் எதையும் நிறுவுவதில்லை, எதையும் மறுப்பதுமில்லை. அவையினரின் கவனத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன.

அலங்காரப் படங்களை விட்டுவிட்டு, வரலாற்றிலேயே மிகவும் புகழ்பெற்ற சான்றுப் படத்தை எடுத்துக்கொண்டாலும் நிலை மாறவில்லை. 1854 ஆகஸ்ட் இறுதியில் லண்டன் சோஹோ பகுதியின் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்து, பத்தே நாட்களில் ஐந்நூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. மருத்துவர் ஜான் ஸ்னோ இறப்புகளை வரைபடத்தில் குறித்தார், அவை தெருக்குழாய் ஒன்றைச் சூழ்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, அதிகாரிகள் குழாயின் கைப்பிடியைக் கழற்றினர், நோய் நின்றது என்று கதை சொல்லப்படுகிறது. படத்தின் வல்லமைக்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை என்றே பயிற்சியாளர்கள் கருதுகின்றனர். நிகழ்ச்சிகளின் வரிசையோ வேறு. ஸ்னோ வட்டாரப் பொறுப்பாளர் குழுவின் முன் தோன்றியது செப்டம்பர் 7 மாலையில்; கைப்பிடி கழற்றப்பட்டது மறுநாள்; வரைபடம் மருத்துவச் சங்கத்தின் முன் வந்தது டிசம்பரில், நூலில் அச்சானது 1855இல். நோயின் வேகம் கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்னோவே ஒப்புக்கொண்டார்.

ஸ்னோவின் கையில் இருந்தது வீடுவீடாக விசாரித்துத் திரட்டிய செய்தி. பதிவான 83 இறப்புகளை எடுத்துக்கொண்டு அவர் தெருவுக்குச் சென்றபோது, வேறொரு குழாய்க்குத் தெளிவாக அருகிலிருந்த வீடுகளில் நேர்ந்தவை பத்து மட்டுமே என்று கண்டார். அந்தப் பத்தும் அவருடைய வாதத்துக்கு எதிரானவை. அவற்றை ஒதுக்காமல் ஒவ்வொன்றையும் விசாரித்தார். ஐந்து குடும்பங்கள், பக்கத்துக் குழாயின் நீரைவிடப் பிராட் தெரு நீரே பிடிக்கும் என்பதால் எப்போதும் அங்கேயே ஆளனுப்பியதாகச் சொல்லின. மூன்று இறப்புகள் அக்குழாய்க்கு அருகிலிருந்த பள்ளிக்குச் சென்ற குழந்தைகளுடையவை. மையத்தை ஒட்டியிருந்தும் நோய் தொடாத இடங்களும் இருந்தன: 535 பேர் வாழ்ந்த ஏழையர் இல்லத்தில் காலராவால் இறந்தவர் ஐவரே, ஏனெனில் அங்கே தனிக் கிணறு இருந்தது, பிராட் தெரு மதுவடிப்பாலையின் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் தங்களுக்குக் கிடைத்த மதுவையே குடித்ததால் குழாய்ப் பக்கம் போகவில்லை, அவர்களில் எவரும் இறக்கவில்லை. எல்லாவற்றிலும் வலிய சான்று ஸ்னோவின் வரைபடத்தின் எல்லைக்கே வெளியில் கிடந்தது. சோஹோவிலிருந்து வெகுதொலைவில் வாழ்ந்த ஒரு விதவை, பிராட் தெரு நீரின் சுவைக்குப் பழகியிருந்ததால் வண்டியில் நாள்தோறும் ஒரு புட்டி நீரை வரவழைத்துக் குடித்துவந்தார். ஆகஸ்ட் 31 அன்று எடுத்துச்செல்லப்பட்ட நீரைக் குடித்து செப்டம்பர் 2 அன்று இறந்தார். அவரைப் பார்க்க வந்து அதே நீரைக் குடித்துத் தன் ஊரான இஸ்லிங்டனுக்குத் திரும்பிய உறவுப்பெண்ணும் இறந்தார். இரண்டு இடங்களிலும் அப்போது காலரா இல்லை. இந்த இருவரை எந்தப் புள்ளியாலும் அந்த வரைபடத்தில் காட்ட முடியாது. ஒரு பத்தி எழுத்தால்தான் காட்ட முடியும்.

அதே இறப்புகளை அதே ஆண்டில் வேறு சிலரும் வரைபடமாக்கினர் என்பதைப் படக்கட்சியினர் சொல்வதே இல்லை. நகரக் கழிவுநீர் ஆணையத்துக்காக எட்மண்ட் கூப்பர் என்னும் பொறியாளர் இறப்புகளையும் சாக்கடைகளையும் சேர்த்து வரைந்து, சாக்கடைகள்மீது பழியில்லை என்றார். பொதுச் சுகாதார வாரியத்தின் ஆய்வுக் குழுவும் இறப்புகளின் வரைபடத்தைத் தன் அறிக்கையில் சேர்த்து, நோய் கெட்ட காற்றால் பரவுகிறது என்னும் பழைய கொள்கையிலேயே நின்றது. புள்ளிகள் குழாயைச் சுற்றிக் குவிந்தன என்றால், குழாயைச் சுற்றியிருந்த காற்றிலும்தானே குவிந்தன? படம் இரண்டு விளக்கங்களுக்கும் சமமாக இடங்கொடுத்தது. ஸ்னோவுக்கு எதிராகவே விசாரணையைத் தொடங்கிய ஹென்றி வைட்ஹெட் என்னும் திருச்சபை உதவிக் குரு, தன் பகுதி மக்களிடம் பலமுறை சென்று கேட்டுக் கேட்டு, யார் எந்த நீரைக் குடித்தார் என்று பிரித்த பின்னரே மனம் மாறினார். அவரை மாற்றியது வரைபடத்தின் தோற்றமன்று, அவரே திரட்டிய வாய்மொழிச் சான்றுகள்.

படம் எதையும் தானாகச் சொல்வதில்லை என்றால், அதன் வாயில் யார் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது அதிலிருந்து தொடரும். 2003 பிப்ரவரி 5 அன்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் நிகழ்த்திய விளக்கவுரை இதற்கு நிகரற்ற சான்று. ஈராக்கின் தாஜி என்னும் இடத்துக் கிடங்குகளின் செயற்கைக்கோள் படங்களைத் திரையிட்ட அவர், அவை சாதாரண மனிதருக்கும், தனக்குமேகூட, புரிந்துகொள்ளக் கடினமானவை என்றும், ஆண்டுக்கணக்கில் தேர்ந்த வல்லுநர்களே அவற்றை வாசிக்க முடியும் என்றும் முன்கூட்டியே சொன்னார். திரையில் தெரிந்தவை சில கூரைகள், சில வண்டிகள். அவற்றை வேதி ஆயுதக் கிடங்காகவும் நச்சுநீக்க வண்டியாகவும் ஆக்கியவை படத்தின்மேல் ஒட்டப்பட்ட குறிப்புகள். ஆயுதச் சோதனைக் குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் ஒன்பதே நாட்களில் அதே அவையில், அந்த நடமாட்டம் அன்றாட வேலையாகவும் இருக்கலாம் என்று அமைதியாகச் சுட்டிக்காட்டினார். அதைவிடக் கொடியது, உயிரியல் ஆயுதம் தயாரிக்கும் நடமாடும் கூடங்கள் என்று காட்டப்பட்ட படங்களின் கதை. அவை ஒளிப்படங்களே அல்ல. தப்பிவந்த ஒருவரின் வாக்குமூலத்தை முதன்மையாக நம்பி ஓவியர் வரைந்த வரைவுகள். தான் சொன்னது புனைவு என்று அவர் 2011இல் ஒப்புக்கொண்டார். ஒருவர் இப்படிச் சொன்னார் என்னும் வாக்கியமாக அது அவையின்முன் வந்திருந்தால், யார் அவர், எப்படித் தெரியும், வேறு யார் பார்த்தார் என்னும் கேள்விகள் இயல்பாக எழுந்திருக்கும். குழாய்களும் தொட்டிகளும் வண்டியின் குறுக்குவெட்டுமாக வரையப்பட்டதும் கேள்விப்பட்ட செய்தி கண்ணால் கண்ட பொருளாகிவிட்டது. போர் மார்ச்சில் தொடங்கியது. அத்தகைய ஆயுதக் கூடங்கள் எவையும் கண்டெடுக்கப்படவில்லை.

சொற்களை வெறுப்பவர்கள் தங்களுக்குச் சாதகமாகக் காட்டும் முதன்மையான வழக்கு கொலம்பியா விண்ணோடத்தின் அழிவு. 2003 ஜனவரி 16 அன்று ஏவப்பட்ட அந்த ஓடத்தின் இடது இறக்கையில், புறப்பட்ட 82ஆம் விநாடியளவில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு மோதியது. பிப்ரவரி 1 அன்று தரைக்குத் திரும்பும்போது ஓடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட எழுவர் மாண்டனர். மோதலின் விளைவை மதிப்பிட்ட பொறியாளர்கள் நாசா மேலாளர்களுக்குக் காட்டிய ஸ்லைடுகளில் ஒன்றை விசாரணை வாரியம் தன் அறிக்கையிலேயே எடுத்து அலசியது. தகவல் வரைகலை அறிஞர் எட்வர்ட் டஃப்டியின் ஆய்வு அதற்குத் துணையாயிற்று. அந்த ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் ஓட்டுக்கவசத்துக்கு நேரக்கூடிய சேதத்தைக் கணக்கு மிகுத்தே மதிப்பிடுகிறது என்று தேற்றும் வகையில் இருந்தது. அதன்கீழ் புள்ளியிட்ட துணுக்கு வரிகள் படிப்படியாக உள்வாங்கிச் சிறுத்துக்கொண்டே போயின. எல்லாவற்றுக்கும் அடியில், இருக்கும் எழுத்துகளிலேயே சிறிய எழுத்தில், மோதிய துண்டின் பருமன் 1,920 கன அங்குலம், சோதிக்கப்பட்ட துண்டின் பருமன் 3 கன அங்குலம் என்ற செய்தி கிடந்தது. அறுநூற்று நாற்பது மடங்கு வேறுபாடு. அதாவது, சோதனையைக் கொண்டு இந்த மோதலைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது என்பதே அந்த ஸ்லைடின் உண்மையான செய்தி. அதன் தலைப்போ நேர்மாறானதைச் சொல்லிற்று.

இதிலிருந்து சொல்லைக் குறைத்துப் படத்தைக் கூட்ட வேண்டும் என்னும் பாடத்தை எடுப்பவர்கள் அறிக்கையைச் சரியாக வாசிக்கவில்லை. நாசாவில் முறையான தொழில்நுட்ப அறிக்கைகளின் இடத்தைத் துணுக்கு ஸ்லைடுகள் பிடித்துக்கொண்டன என்பதே வாரியத்தின் குறை. குறைவான வாக்கியங்கள் வேண்டும் என்று அது கேட்கவில்லை, முழு வாக்கியங்கள் வேண்டும் என்றே கேட்டது. எழுவாயும் பயனிலையும் காரணமும் உள்ள வாக்கியத்தை எழுதியிருந்தால், சோதனைத் துண்டைவிட 640 மடங்கு பெரியது மோதியதால் சோதனை முடிவு இங்கே பொருந்தாது என்று எழுத நேர்ந்திருக்கும். அப்படி எழுதியவரால் மேலிருந்த தலைப்பை அப்படியே விட்டிருக்க முடியாது. ஸ்லைடில் தேவைப்பட்ட படமும் ஒன்று உண்டு: அந்த இரண்டு பருமன்களையும் ஒரே அளவுகோலில் பக்கம்பக்கமாக வரைந்த படம். அதைவிட முக்கியமான இன்னொரு படமும் இல்லாமல்போயிற்று. விண்ணில் சுற்றிக்கொண்டிருந்த ஓடத்தின் இறக்கையைப் படமெடுத்துத் தருமாறு பொறியாளர்கள் விடுத்த கோரிக்கைகள் நிறைவேற்றப்படவில்லை. ஸ்லைடுகளில் ஊறிய ஓர் அமைப்பு, ஒரு கேள்விக்கு விடையாகக்கூடிய உண்மையான ஒளிப்படத்தைக் கேட்டுப் பெறாமல் இருந்துவிட்டது என்பதை நெஞ்சில் கைவைத்து யோசிக்க வேண்டும்.

கொலம்பியாவுக்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த சேலஞ்சர் விண்ணோட விபத்தில் படம் இருந்தது, அதுவும் பேசவில்லை. 1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் கடுங்குளிரில் ஏவுவது குறித்துத் தொலைபேசி வழியே நடந்த கூட்டத்தில், ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும் என்றும், 53 பாரன்ஹீட்டுக்குக் குறைந்த வெப்பநிலையில் ஏவக்கூடாது என்றும் மார்ட்டன் தயக்கால் நிறுவனப் பொறியாளர்கள் வாதிட்டனர். வெப்பநிலையையும் வளையச் சேதத்தையும் ஒரே வரைபடத்தில் காட்டியிருந்தால் ஏவுதல் நின்றிருக்கும் என்று டஃப்டி 1997இல் எழுதினார். அக்கருத்து இன்று விளக்கவுரைப் பயிற்சிகளில் மறைமொழிபோல் ஓதப்படுகிறது. டஃப்டியின் அறிவுக்கும் உழைப்புக்கும் உரிய மதிப்பைக் கொடுத்துக்கொண்டே இதை மறுக்க வேண்டியுள்ளது. அன்றிரவு வாதிட்ட பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜோலியும் வேறு மூவரும் 2002இல் வெளியிட்ட மறுப்பில், டஃப்டியின் வரைபடம் வளையத்தின் வெப்பநிலையையும் சுற்றுப்புறக் காற்றின் வெப்பநிலையையும் ஒன்றாகக் கலந்துவிட்டது என்றும், பொறியாளர்களின் வாதம் எதுவென்பதையே அவர் தவறாக விளங்கிக்கொண்டார் என்றும் காட்டினர். பாய்ஸ்ஜோலியிடம் ஒளிப்படங்கள் இருந்தன. முந்தைய பயணங்களுக்குப் பிறகு மீட்கப்பட்ட இணைப்புகளில், குளிரில் ஏவப்பட்டதில் சூடான வளி கசிந்து கரி கன்னங்கரேலென்று படிந்திருப்பதை அவை காட்டின. நிறுவன மேலாளர்கள் தனியே கூடிப் பேசியபோது அவர் அந்தப் படங்களை மேசைமேல் வைத்து, இவை சொல்வதைப் புறக்கணிக்காதீர்கள் என்று மன்றாடினார். அவர்கள் பார்த்தார்கள், பின்னர் ஏவலாம் என்று முடிவெடுத்தார்கள். மறுநாள் புறப்பட்ட 73 விநாடிகளில் ஓடம் அழிந்தது.

அந்தக் கரியைப் பற்றிய விவாதத்தில் எதிர்த்தரப்பு வைத்த கேள்வி எளிதானது: வெம்மையான நாளில் ஏவியபோதும்தானே கசிவு நேர்ந்தது? சேதம் நேர்ந்த பயணங்களை மட்டும் வெப்பநிலை வாரியாகக் குறித்தால் புள்ளிகள் 53 முதல் 75 பாரன்ஹீட் வரை சிதறிக் கிடக்கும். குளிருக்கும் சேதத்துக்கும் தொடர்பில்லை என்றே கண் சொல்லும். பின்னர் விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் சேதமில்லாத பயணங்களையும் சேர்த்தபோது வேறொரு காட்சி கிடைத்தது: 66 பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் ஏவப்பட்ட இருபதில் மூன்றில் மட்டுமே சேதம், 63க்கும் அதற்குக் கீழும் ஏவப்பட்ட நான்கிலும் சேதம். எந்தப் பயணங்களை எண்ணுவது என்று முடிவு செய்தது வரைபடமன்று. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று தெளிவாகச் சொல்லிய ஒரு வாக்கியம்தான் அதைச் செய்ய முடியும். அந்த வாக்கியம் முதலில் வர வேண்டும், படம் அதன்பின் வர வேண்டும். இன்றைய பயிற்சி இந்த வரிசையைத் தலைகீழாக்கி, படத்தைத் தேடிக்கொண்டு பிறகு அதற்குத் தலைப்பு யோசிக்கச் சொல்கிறது.

உலகம் கொண்டாடும் நல்ல காட்சிப்படங்களைக் கிட்டே போய்ப் பார்த்தால் அவை சொல்லால் நிறைந்திருப்பதைக் காணலாம். சார்லஸ் ஜோசப் மினார் 1869இல் வரைந்த, நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பைக் காட்டும் வரைபடம், 4,22,000 வீரர்களோடு புறப்பட்ட அகன்ற பட்டை 10,000 பேரோடு திரும்பும் மெல்லிய கோடாகச் சுருங்குவதால் புகழ்பெற்றது. படத்தின் ஆற்றலுக்குச் சான்றாக அதை அச்சிடுபவர்கள் பெரும்பாலும் மேலே உள்ள பத்தியை விட்டுவிடுகிறார்கள் அல்லது படிக்க முடியாத அளவுக்குச் சுருக்கிவிடுகிறார்கள். அந்தப் பத்தியில் மினார் பட்டையின் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் பத்தாயிரம் பேரைக் குறிக்கும் என்கிறார். எந்தெந்த நூல்களிலிருந்து எண்களை எடுத்தார் என்று ஆசிரியர் பெயர்களைச் சொல்கிறார். படையிலிருந்து பிரிந்து வேறு வழியே சென்று பின்னர் வந்து சேர்ந்த இரண்டு பிரிவுகளை, எப்போதும் முதன்மைப் படையோடே சென்றனபோல் தான் வரைந்திருப்பதாக ஒப்புக்கொள்கிறார். படம் எங்கே உண்மையிலிருந்து விலகுகிறது என்பதைப் படமே சொல்ல முடியாது. வரைந்தவர் எழுதினால்தான் உண்டு. 2006ஆம் ஆண்டின் டெட் உரையால் உலகறிந்தவரான ஹான்ஸ் ரோஸ்லிங்கின் நகரும் குமிழ்களும் அப்படியே. அவர் குமிழ்களை ஓடவிடுவதற்கு முன் இந்த அச்சு எதைக் காட்டுகிறது, அந்த அச்சு எதைக் காட்டுகிறது, குமிழின் பருமன் எதைக் குறிக்கிறது என்று கைகாட்டி விளக்கினார். ஓடவிட்ட பின்னும் பேச்சை நிறுத்தவில்லை. ஒலியை அணைத்துவிட்டு அதைப் பார்ப்பவருக்கு வண்ணப் பந்துகளின் ஓட்டம் மட்டுமே மிஞ்சும்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின்னும் ஒரு தடை எழுப்பப்படும். அது வலுவான தடை. கேட்டுக்கொண்டே வாசிக்க மனிதரால் இயலாது, திரையில் வாக்கியங்கள் இருந்தால் அவையினர் பேச்சாளரைக் கைவிட்டு வாசிக்கத் தொடங்கிவிடுவர் என்பது அது. மேயரின் சோதனைகளும் இதை ஓரளவு உறுதிசெய்கின்றன. வாயால் சொல்வதையே திரையிலும் எழுதிக்காட்டினால் கற்றல் குறைகிறது. ஆனால் இது ஒரே சொற்களை இரண்டு வழியில் ஒரே நேரத்தில் தருவதற்கு எதிரான சான்றே தவிர, சொற்களைத் துறப்பதற்கான உரிமம் ஆகாது. திரையில் வைக்கத் தகுதியான எழுத்து மூன்று வகைப்படும் என்று சொல்லலாம்: படம் நிறுவ வரும் கூற்று முழு வாக்கியமாகத் தலைப்பில், படத்தின் உறுப்புகளுக்கு உரிய பெயர் அந்தந்த உறுப்பின் பக்கத்திலேயே, தரவு எங்கிருந்து வந்தது என்பது அடியில். தலைப்பில் துணுக்குக்குப் பதிலாக ஒரு முழு வாக்கியத்தையும் கீழே அதற்குரிய காட்சிச் சான்றையும் வைக்கும் முறையைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆலி நெடுங்காலமாகப் பரப்பிவருகிறார். இதைப் பின்பற்றுபவர், தான் சொல்லவருவது என்னவென்று தெரியாமல் ஒரு ஸ்லைடைக்கூடத் தயாரிக்க முடியாது என்பதே இதன் பெரும் பயன். மற்ற விளக்கங்களெல்லாம் பேச்சாளரின் வாயிலும், அவையினர் கையில் கொடுக்கப்படும் தாளிலும் இருக்க வேண்டும். அமேசான் நிறுவனம் 2004இல் மேலாண்மைக் கூட்டங்களில் ஸ்லைடுகளை விலக்கி, முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பைக் கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் அமைதியாக வாசிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. எல்லா அவைகளுக்கும் அது பொருந்தாது. ஆனால் படமில்லாமலே பெரிய முடிவுகளை எடுக்க முடியும், வாக்கியமில்லாமல் எடுக்க முடியாது என்பதற்கு அது போதிய சான்று.

நேரம் போதாது என்பதுதான் கடைசியாகச் சொல்லப்படும் காரணம்: பத்து நிமிடத்தில் முப்பது ஸ்லைடுகளைக் காட்ட வேண்டியவரால் ஒவ்வொரு படத்தையும் எப்படி விளக்க முடியும்? முடியாது; ஆகவே முப்பது படங்கள் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒரு வரைபடமோ இரண்டோ போதும். அதன் அச்சுகள் எவை, எவை விடுபட்டுள்ளன, அதே புள்ளிகளுக்கு வேறு விளக்கம் உண்டா, உண்டென்றால் அது ஏன் ஏற்கத்தக்கதன்று என்பவற்றை வாயால் சொல்லி முடித்துவிட்டு, அடுத்த ஸ்லைடுக்குத் தாவாமல், அதைத் திரையிலேயே நிறுத்திவைத்துக்கொண்டு அவையின் கேள்விகளை எதிர்கொள்வதற்கு மீதி நேரம் சரியாக இருக்கும்.